என்ஜின் வேகத்தோடு ஒளி கூடும் பைக் அலங்கார விளக்குகள்: எந்த வழி எதற்குப் பொருந்தும்?

மோட்டார் சைக்கிளில் ஒட்டும் எல்இடி பட்டைகள் என்ஜின் வேகம் ஏறும்போது பிரகாசம் கூடியும், இறங்கும்போது குறைந்தும் ஒளிர வேண்டுமென்றால் அதற்குப் பல வழிகள் உள்ளன. விளக்கும் வயரும் எல்லா வழிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகத்தை எங்கிருந்து அறிகிறோம், அதை எப்படி ஒளியாக மாற்றுகிறோம் என்ற இரண்டு கேள்விகளில்தான் அவை வேறுபடுகின்றன.

மிக எளிமையாகத் தோன்றுவது, என்ஜின் சுழலும்போது மின்சாரம் உற்பத்தி செய்யும் ஸ்டேட்டர் காயிலிலிருந்து வரும் ஏசி மின்சாரத்தை டையோடுகளால் டிசியாக்கி நேரடியாக விளக்குக்குக் கொடுப்பது. வேகம் கூடினால் ஸ்டேட்டரின் வோல்டேஜும் கூடும் என்பது உண்மையே. ஆனால் வோல்டேஜை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாத ரெகுலேட்டர் இணைந்திருக்கும் வண்டியில் அந்த ஏற்றம் விரைவிலேயே தடைபட்டு, அதற்கு மேல் எவ்வளவு முடுக்கினாலும் ஒளி மாறாது. ரெகுலேட்டரைத் தவிர்த்துவிட்டு எடுத்தாலோ, உயர்ந்த வேகத்தில் வோல்டேஜ் பல மடங்கு ஏறி 12 வோல்ட் பட்டையை எரித்துவிடும். இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் சிக்னலை எடுப்பது இன்னொரு வழி. பொதுவாக அது அரை வோல்ட் அளவில் தொடங்கி நான்கரை வோல்ட் வரை சீராக ஏறுவதால் கையாள எளிது. ஆனால் அது காட்டுவது த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத்தான். இறக்கத்தில் த்ராட்டிலை மூடிவிட்டு கியரிலேயே வண்டியை இறக்கும்போது என்ஜின் 5,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5,000 சுற்று) சுழன்றாலும் விளக்கு மங்கிக் கிடக்கும். மேலும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு நம்பியிருக்கும் ஒரு வயரில் கை வைப்பதற்கு உரிய காரணம் வேண்டும். அலங்கார விளக்கு அத்தகைய காரணம் ஆகாது.

உண்மையான போட்டி அடுத்த இரண்டு வழிகளுக்கு இடையில்தான். முதலாவது, எல்எம்2917 போன்ற, என்ஜின் சுழலச் சுழல வரும் மின் துடிப்புகளின் எண்ணிக்கையை வோல்டேஜாக மாற்றும் ஐசி (மின்னணுச் சில்லு). என்ஜின் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டருக்காகவே உருவான இதற்கு நிரல் எழுதத் தேவையில்லை. சில ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும் போதும். இதன் குறை மெதுவான வேகத்தில் தெரியும். வெளியீட்டை மென்மையாக்க வடிகட்டும் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் விளக்கு தாமதமாகப் பதிலளிக்கும். சிறிதாக்கினால் ஐட்லிங்கில், அதாவது முடுக்காமல் என்ஜின் மெதுவாக ஓடும்போது, ஒளி நடுங்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 12 வோல்ட் பட்டையில் வழக்கமாக மூன்று எல்இடிகள் ஒரு ரெசிஸ்டரோடு தொடராக இருப்பதால், வெள்ளை, நீல நிறங்களில் சுமார் 8 வோல்ட் வரை அது கிட்டத்தட்ட இருட்டாகவே இருக்கும். ஆகவே வோல்டேஜை மட்டும் ஏற்றி இறக்கினால் பயன்படும் எல்லை மிகக் குறுகிவிடும். ஐசியின் வெளியீட்டைப் பிடபிள்யூஎம் ஆக (மிக வேகமாக எரித்து அணைத்து ஒளியைக் கூட்டிக் குறைக்கும் முறை) மாற்றி, மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட் வழியாகப் பட்டையை இயக்க வேண்டும். அந்தச் சுற்றையும் சேர்த்த பிறகு, ‘எளிமை’ என்ற அனுகூலம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது, ஆர்டுயினோ நானோ போன்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் பலகை. ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு தரும் வண்டியில் 1,500 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 25 துடிப்புகள். 9,000 என்றால் 150. பத்தில் ஒரு நொடிக்குள் வரும் துடிப்புகளை எண்ணினால் ஐட்லிங்கில் இரண்டோ மூன்றோதான் கிடைக்கும், ஒளி தாவித் தாவி மாறும். அதற்குப் பதிலாக இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளந்தால், 40 மில்லி நொடியிலிருந்து ஏழுக்கும் குறைவான மில்லி நொடி வரை துல்லியமாக வேகம் கிடைக்கிறது. என்ஜின் நின்றுவிட்டால் துடிப்பே வராது என்பதால், குறிப்பிட்ட நேரத்துக்குள் துடிப்பு வரவில்லையெனில் விளக்கை அணைக்கும் வரியையும் நிரலில் சேர்க்க வேண்டும்.

இந்த வழியை நான் முன்னிறுத்துவதற்குக் காரணம் நம் கண். 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு ஒளி ஏறுவதைக் கண் தெளிவாக உணரும். 80-லிருந்து 90-க்கு ஏறினால் பெரும்பாலும் கவனிக்காது. வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஒளியைக் கூட்டினால், பாதி வேகத்திலேயே விளக்கு முழுதாக எரிவது போலத் தோன்றி, அதற்கு மேல் நடக்கும் மாற்றமெல்லாம் வீணாகும். பாதி வேகத்தில் 22 சதவீத அளவுக்கே ஒளி இருக்கும்படி வளைவை அமைத்தால் ஏற்றம் கண்ணுக்குச் சீராகத் தெரியும். நிரலில் இது ஒரே ஒரு வரி. ஐசி சுற்றில் இதைக் கொண்டுவருவது பெரும்பாடு.

எந்த வழியானாலும் சிக்னலை டாக்கோமீட்டர் வயரிலிருந்து எடுப்பதே நல்லது. அது இல்லாத வண்டியில் இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுற்றிலிருந்து எடுக்கலாம். அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் எழும் என்பதால், தகுந்த ரெசிஸ்டரும், எதிர்த்திசை மின்னழுத்தத்திலிருந்து காக்கும் டையோடும், இரு சுற்றுகளையும் மின்தொடர்பின்றிப் பிரித்து ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளரும் கட்டாயம். கிராங்க் நிலையை உணர்த்தும் பல்சர் காயிலை மட்டும் தொடவே கூடாது. அதன் சிக்னல் சற்றே பலவீனமானாலும் ஸ்பார்க் தவறி, ஓடும் வண்டி நின்றுவிடக்கூடும்.

நிரல் எழுதிப் பழக்கமில்லாதவரும், வண்டியில் டாக்கோமீட்டர் வயர் உள்ளவரும் எல்எம்2917-ஐத் தேர்ந்தால் குறையொன்றும் இல்லை. ஐட்லிங்கில் ஒளி சற்று நடுங்குவதைப் பொறுத்துக்கொண்டால் போதும். மற்றவர்களுக்கு மைக்ரோகன்ட்ரோலர்தான். அதற்கான மின்சாரத்தை இக்னிஷன் சாவியோடு இயங்கும் வயரிலிருந்து, தனி ஃப்யூஸ் வைத்து, மின்னழுத்த எழுச்சியைத் தடுக்கும் டையோடோடு எடுக்க வேண்டும். பேட்டரியில் நேரடியாக இணைத்தால், நிறுத்தி வைத்த வண்டியிலும் பலகை மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.