பேனாக்கத்தி: எந்த உருக்கு யாழ்ப்பாணத்துக் காற்றுக்குத் தாங்கும்?

கத்தி வாங்கப்போகிற ஆள் முதலில் கேட்பது, எவ்வளவு நாளைக்குக் கூர் நிற்கும் என்றுதான். யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர் அதற்கு முதல் கேட்கவேண்டியது, கறள் பிடிக்குமா என்று. நான் இருப்பது குருநகர்ப் பக்கம். வீட்டு வயரிங்கும் தண்ணீர்ப் பம்பித் திருத்தமும் தொழில். நீர்வேலியில் கொஞ்ச வாழையும் இருக்கிறது. சட்டைப்பையில் கத்தி இல்லாமல் வெளிக்கிடுவதில்லை. சோளகம் வீசுகிற மாதங்களில் இங்கே ஜன்னல் கம்பியே பொருக்குத் தட்டிவிடும். வெளிநாட்டுக்காரர் எழுதுகிற கத்தி விமர்சனங்களில் இந்தக் காற்று வருவதில்லை.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த சிவப்புக் கத்தி. சுவிஸில் சொந்தம் இல்லாத வீடு இங்கே குறைவு. லீவில் வருகிறவர் சொக்கலேற்றோடு ஒரு விக்டோரினொக்ஸும் கொண்டுவந்து தருவார். அதன் உருக்கு மெதுவானது, கடினத்தை அளக்கிற ரொக்வெல் அளவில் 55, 56தான் வரும். கடினம் தருகிற காபன் அரை வீதமளவு, கறளைத் தடுக்கிற குரோமியம் 14, 15 வீதம். சீமெந்துப் பை நாலைந்து கிழித்தாலே கூர் போய்விடும். ஆனால் அதைத் திரும்பக் கொண்டுவரத் தீட்டுக்கல்லே தேவையில்லை. தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுக்கம் பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று தெரியும். அதில் இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துவிட்டால் தக்காளித் தோல் வழுக்காமல் வெட்டுப்படும். என்னுடையதில் அலகில் இதுவரை ஒரு பொட்டுக் கறள் இல்லை. இதைக் குறைவாகப் பேசுகிற கத்திப் பிரியர்கள் கடற்கரையில் குடியிருந்து பார்க்கவேண்டும்.

காபன் உருக்கு என்றால் பிரான்ஸின் சவோய் மலைப்பக்கத்து ஒப்பினெல். 1890இல் தொடங்கிய உருவம், இன்றைக்கும் பெரிய மாற்றம் இல்லை. மெல்லிய அலகு, கிட்டத்தட்ட 0.9 வீதம் காபன், குரோமியம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெட்டுகிற சுகத்தில் மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். கறுத்தக்கொழும்பான் மாங்காயொன்றைச் சீவினால், தட்டில் உப்பும் தூளும் போட்டு முடிவதற்குள் அலகு ஓரத்தில் நீலச் சாம்பல் படர்ந்துவிடும். முதல் துண்டில் இரும்பு வாசமும் இருக்கும். அந்தப் படலம் கெடுதல் இல்லை, நாளாக நாளாக அதுவே ஓரளவு காவல். வாழைக்கயர் பட்டாலும் கறுக்கும், அதுவும் போகட்டும். ஆனால் உப்புக்காற்றுக்கு அந்தப் படலம் போதாது. இரவு ஈரத்தோடு மடித்து வைத்தால் காலையில் செம்மஞ்சள் பொடி. மாரியில் இன்னொரு கரைச்சல்: மரப்பிடி ஊதி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் அலகு வெளியே தலை காட்டும். இதை இப்போது குசினியில் மட்டும் வைத்திருக்கிறேன்.

டி2 என்கிற உருக்கைப் பற்றித்தான் கொஞ்சம் கோபத்தோடு எழுதவேண்டியிருக்கிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிற சீனக் கத்திகளில் பலவும் இதுதான். நான் வாங்கியதன் பெட்டியில் கறள் பிடிக்காதது என்று அச்சடித்திருந்தார்கள். டி2வில் 12 வீதமளவு குரோமியம் இருப்பது உண்மை. கூடவே ஒன்றரை வீதம் காபனும் இருக்கிறதே! அந்தக் காபன் குரோமியத்தில் ஒரு பெரும் பங்கைப் பிடித்துக் கடினமான காபைட்டு மணிகளாக்கிவிடுகிறது. மேற்பரப்பில் ஒட்சைட்டுப் படலமாகி உருக்கைக் காக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். உப்பில் உள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைத்தான் முதலில் துளைக்கும். என் கத்தியில் அலகின் நடுவில் ஒன்றும் தெரியவில்லை. பூட்டுத் தகடு அலகில் முட்டுகிற இடத்திலும், பெருவிரல் வைக்கிற இடத்திலும் ஊசி முனையளவு குழிகள். வியர்வையே போதும் அதற்கு. கழற்றிப் பார்த்தால் அச்சில் இருந்த பேரிங் குண்டுகளும் பழுப்பு நிறம். கயிறு, அட்டைப்பெட்டி வெட்டுவதில் டி2 கெட்டிக்காரன், மறுக்கமாட்டேன். கிளிநொச்சி, வவுனியா என்று உள்ளுக்குள் இருக்கிறவர்கள் யோசிக்கலாம். பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பகுதிக்குப் போய்வருகிறவருக்கு இது வேண்டாம்.

எஸ்30வீ உருக்குக் கத்தி கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. 2001இல் கத்திக்கென்றே அமெரிக்காவில் வடிவமைத்த தூள் உருக்கு, அதாவது தூளாக்கி அழுத்திச் செய்கிற உருக்கு. வனேடியம் 4 வீதம். கூர் நிற்பதில் நான் வைத்திருந்தவற்றில் இதுதான் முதல். தும்புக்கயிறு மணலும் மண்ணுமாக இருக்கும், அதை வெட்டியும் சளைக்கவில்லை. கூர் போனபிறகுதான் பிரச்சினை. வனேடியம் காபைட்டு, சாதாரணத் தீட்டுக்கல்லில் உள்ள அலுமினியம் ஒட்சைட்டை விடக் கடினம். கல்தான் தேய்ந்தது, கத்தி அல்ல. வைரத்தூள் பதித்த தகடு ஒன்று வருவிக்கும்வரை மேசை லாச்சியில் கிடந்தது.

இப்போது பையில் நிரந்தரமாக இருப்பது 14சீ28என் உருக்குக் கத்தி. அந்த உருக்கு சுவீடனின் சன்ட்விக் நிறுவனம் செய்தது. அதன் உருக்குப் பிரிவுக்கு இப்போது அலைமா என்று பெயர். காபன் 0.62, குரோமியம் 14, கூடவே 0.11 வீதம் நைதரசன். காபனைக் குறைத்து நைதரசனைச் சேர்த்ததால் கடினமும் குறையவில்லை, குரோமியமும் காபைட்டாகி வீணாகவில்லை. ரொக்வெல் 58, 60 வரை எடுக்கலாம். கேபிள் உறை உரித்து, பீவீசீ குழாயின் பிசிறு சீவி, வாழையிலை வெட்டி, பிறகு ஒரு மாம்பழமும் நறுக்கிவிட்டுத் தண்ணீரில் கழுவிச் சாரத்தில் துடைத்தால் வேலை முடிந்தது. கூர் எஸ்30வீ அளவுக்கு நிற்காது. ஆனால் ஹாட்வெயார் கடைக் கல்லிலேயே ஐந்து நிமிடத்தில் திரும்பிவரும், மயிர் வழிக்கிற அளவுக்கு. விலையும் நடுத்தரம்.

கடலுக்குள்ளேயே போகிறவர் என்றால் எல்சீ200என் பார்க்கலாம். விமானப் பேரிங்குகளுக்குப் பயன்படும் நைதரசன் உருக்கு. வள்ளத்தில் போகிற என் சித்தப்பா ஒன்று வைத்திருக்கிறார். நைலோன் வலை வெட்டி, மீன் வெட்டி, கடல்தண்ணியில் அலசிவிட்டு அப்படியே மடிப்பார். துடைக்கச் சொன்னால், "உனக்கு வேற வேலை இல்லையோ தம்பி?" என்பார். அலகு இன்னும் பளபளக்கிறது, திருகாணிகள்தான் கறள்.

பராமரிப்பில் ஒன்று: அச்சுக்குத் தேங்காயெண்ணெய் விடவேண்டாம், நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி போதும். பேரிங் வைத்ததை விட வெண்கல வளையம் போட்ட கத்தி இந்த ஊருக்கு நல்லது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுகிறவர்கள், கைப்பையில் வைக்கவேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவில் வைத்தால் வந்து சேரும்.