பிள்ளைகள் இல்லாமல் இரண்டு இரவு: பாசிக்குடாவா, உல்லையா?

நாங்கள் ஐந்து பேர். மட்டக்களப்பு டவுனில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள், ஐந்தாமவள் கல்யாணம் கட்டவில்லை. அந்த ஒன்பதையும் அம்மம்மாமாரிடமும் அப்பாமாரிடமும் ஒப்படைத்துவிட்டு, போன வருடம் பாசிக்குடாவுக்கும் இந்த வருடம் உல்லைக்கும் போய் வந்தோம். அறுகம்பே என்று வெளியூர்க்காரர் சொல்வதுதான் உல்லை. எது நல்லது என்று கேட்கிற எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் தூரம். பாசிக்குடா டவுனிலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர். பஸ் இருக்கிறது, கல்குடா வரை ரயிலும் இருக்கிறது. உல்லை தெற்கே நூறு கிலோமீற்றருக்கு மேல். ரயில் கிடையாது. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று ஊர் ஊராகப் போக வேண்டும். நாங்கள் வான் பிடித்தோம். இடையில் தேத்தண்ணி குடித்து, தயிர் வாங்கி, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போனது.

கிட்ட இருப்பது நல்லதுதானே என்று போன வருடம் நானும் நினைத்தேன். இரண்டாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு ஒருத்திக்குக் கோல் வந்தது. சின்னவனுக்குக் காய்ச்சல். ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் எந்தத் தாய் இருப்பாள்? ஓட்டோ பிடித்துப் போனாள். அவள் போய்ச் சேரும்போது பனடோல் குடித்துவிட்டுப் பிள்ளை நல்ல நித்திரை. இங்கே மிச்ச நாலு பேரும் நண்டுக்கறியைச் சும்மா கிளறிக்கொண்டு இருந்தோம். இந்த வருடம் உல்லையிலும் அவளுக்கு அப்படி ஒரு கோல் வந்தது, விஞ்ஞானக் கொப்பியைக் காணவில்லை என்று. "மூன்று மணித்தியாலத் தூரத்தில நிற்கிறன், அலுமாரிக்கு மேல பாருங்கோ" என்றாள். அங்கேதான் இருந்தது.

கடலைப் பற்றி வருவோம். பாசிக்குடாவில் வெளியே இருக்கிற பவளப்பாறை அலையை மறித்துவிடும். உள்ளே குடா குளம் மாதிரிக் கிடக்கும். எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்ட யோசிக்கும். இது பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கான கடல், பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது என்று ஒருத்தி போகும்போதே முறைப்பாடு. ஆனால் நடந்தது வேறு. இடுப்பளவு தண்ணீருக்குள் ஐந்து பேரும் வட்டமாக நின்று இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தோம். கையில் போன் இல்லை, எழும்பிப் போய்ச் செய்ய ஒரு வேலை இல்லை, அடிக்கிற அலை இல்லை. பத்து வருடமாக ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை அந்தத் தண்ணீருக்குள் நின்றுதான் ஒருத்தி சொன்னாள். அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன். விரல் எல்லாம் சுருங்கிப்போய்த்தான் கரையேறினோம்.

உல்லைக் கடல் ஆட்களைப் பிரித்துவிடும். அலைச்சறுக்குக்குப் பெயர்போன இடம். ஆனால் பெரிய அலை எழும்புகிற மெயின் பொயின்ட் பழகியவர்களுக்கு. புதிதாகப் பழகுபவர்களைப் பேபி பொயின்டுக்கோ, ஓட்டோவில் ஏற்றிக் கொஞ்சம் தள்ளியோ கூட்டிப்போகிறார்கள். எங்களில் இரண்டு பேர் பலகையோடு போனார்கள். நாற்பது வயதில் எழும்பி நின்றேன் என்று ஒருத்தி இன்னமும் பெருமை அடிக்கிறாள், நின்றது மூன்று செக்கன். ஒருத்தி பொத்துவில் களப்பில் வள்ளம் போனாள். கல்யாணம் கட்டாதவள் ஊஞ்சலில் நித்திரை கொண்டாள். நான் யானைப்பாறையில் ஏறிச் சூரியன் மறைவதைப் பார்த்தேன், அதுவும் தரைப்பக்கமாக. கிழக்குக் கரையில் கடலுக்குள் சூரியன் உதிக்குமே தவிர மறையாது. ஐந்து பேரும் முழுதாகச் சேர்ந்து இருந்தது இரவுச் சாப்பாட்டில் மட்டும்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் குளியலறைக் கதவைக்கூட நிம்மதியாகப் பூட்டமுடியாதவளுக்கு ஒரு பகல் தனியாகக் கிடைப்பது சின்ன விஷயமா?

உடுப்பு, பார்வை பற்றிப் பெண்கள் கட்டாயம் கேட்பார்கள். பாசிக்குடாப் பொதுக் கடற்கரையில் சனி ஞாயிறு என்றால் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். தெரிந்த முகம் ஒன்றாவது நிச்சயம். நீளக் கை ரீசேர்ட்டோடு இறங்கினாலும் நின்று பார்க்க நாலு பேர் இருப்பார்கள். அதோடு, எங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய் ஊரார் பிள்ளைகள் கத்துவதை நாள் முழுக்கக் கேட்க வேண்டியதுதான். செவ்வாய், புதனில் போனால் அதே கரை வேறு கரை. உல்லையில் வெளிநாட்டுக்காரர் கூட்டத்துக்குள் எங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொத்துவில் டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும்போது மட்டும் சால்வை எடுத்துக்கொண்டோம், அது அந்த ஊருக்குக் கொடுக்கிற மரியாதை.

செலவில் பாசிக்குடாதான் கடித்தது. கரையோரம் பெரும்பாலும் பெரிய ஹோட்டல்கள், இரண்டு இரண்டு பேராக அறை. ஐந்து பேர் என்றால் ஒரு கட்டிலுக்கு மேலதிகக் காசு. உல்லையில் கபானா என்கிற சின்னக் குடிலாக எடுத்துப் பங்குபோட்டோம், சாப்பாடும் வெளியே ரொட்டிக் கடையில் முடிந்தது.

காலம் இரண்டுக்கும் ஒன்றுதான், சித்திரை முதல் புரட்டாதி வரை. மாரி மழைக்குள் போகவே வேண்டாம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியான வெயில் ஆளை வறுக்கும், ஆகவே கடல் காலையில். ஆடி, ஆவணியில் உல்லையில் இடம் கிடைப்பது கஷ்டம்.

கல்லடிக் கடற்கரை டவுனுக்குப் பக்கத்தில்தானே, ஏன் இவ்வளவு பாடு என்று என் அவர் கேட்டார். பின்னேரம் நடக்க நல்ல இடம். ஆனால் அங்கே உட்கார்ந்தால் ஏழு மணிக்கு "இரவைக்கு என்ன சாப்பாடு?" என்று கோல் வரும்.

இரண்டு இரவுதான் கிடைக்கும், மனம்விட்டுக் கதைக்க வேண்டும் என்றால் நான் பாசிக்குடா என்பேன், வார நாளில். மூன்று இரவு கிடைத்தால் உல்லை, வழியிலேயே அரைநாள் போய்விடுவதால் அதற்குக் குறைந்தால் பிரயோசனமில்லை. அடுத்த வருடத்துக்கு எங்கள் வட்ஸ்அப் குழுவில் இப்போதே வாக்கெடுப்பு நடக்கிறது. உல்லைக்கு முதல் ஆளாகக் கைதூக்கியவள், அன்றைக்கு இரவு ஓட்டோவில் வீட்டுக்கு ஓடினவள்தான்.