ஜியோகேச் தேடி பைக்கில்: போனா, தனி ஜிபிஎஸ் கருவியா?

ஜியோகேச் என்பது யாரோ ஒளித்து வைத்து, இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் குறியை இணையத்தில் போட்டிருக்கும் டப்பா. கிராமத்து மண்சாலைகளில் சுற்றி அதைத் தேட போனே போதும் என்பார்கள் பலர். உண்மையிலேயே வசதிதான். வரைபடம், துப்பு, முன்பு தேடியவர்களின் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். டப்பாவைக் கண்டுபிடித்ததும் அங்கேயே பதிவும் போட்டுவிடலாம்.

சிக்கல் ஹேண்டில்பாரில்தான். எஞ்சின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம். 2021-இல் ஆப்பிளே ஐபோன்களுக்கு இப்படி எச்சரித்தது. உச்சி வெயிலில் போன் சூடேறித் திரை மங்கும். நாலு மழைத்துளி விழுந்தால் தொடுதிரை தானாக எதையாவது அழுத்தும்.

பொத்தான் வைத்த தனிக்கருவியைக் கையுறையோடே இயக்கலாம். மழை, புழுதி தாங்கும். பல மாடல்களில் ஏஏ பேட்டரியை மாற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். விலைதான் கூடுதல்.

டவர் இல்லாவிட்டாலும் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால். அடர்ந்த மரநிழலில் இரண்டுமே சில மீட்டர் தடுமாறும். அப்போது அம்புக்குறியை விட்டுவிட்டு வேர் இடுக்கையும், இயல்புக்கு மாறாக அடுக்கிய கற்களையும் பார்ப்பதே மேல்.

அடிக்கடி போகிறவர் என்றால் என் ஓட்டு தனிக்கருவிக்கே. அதை ஹேண்டில்பாரில் மாட்டுங்கள், போன் சட்டைப்பையில் இருக்கட்டும். எப்போதாவது போகிறவரா? அதிர்வு தாங்கும் மவுன்ட் ஒன்று வாங்கினால் போதும்.