ஜிப், 7-ஜிப், இசட்-ஸ்டாண்டர்ட்: பல வருஷமா யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

எந்த சாஃப்ட்வேர்ல கம்ப்ரஸ் பண்ணா சைஸ் நல்லா குறையும்னு நிறைய பேர் கேக்குறாங்க. நான் பேக்கப் எல்லாம் இந்த மூணுலயும் மாத்தி மாத்தி ரொம்ப வருஷமா வெச்சிட்டு வர்றேன், என்னைக் கேட்டா சாஃப்ட்வேரை விட உள்ள என்ன ஃபைல் போடுறோம்ங்கிறதுதான் சைஸை முடிவு பண்ணுது.

லாக் ஃபைல், சிஎஸ்வி, டேட்டாபேஸ் டம்ப் மாதிரி ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வர்ற டெக்ஸ்ட் ஃபைல் எல்லாம் ஜிப் பண்ணா பத்துல ஒரு பங்கா சுருங்குறதுகூட சாதாரணம். அதே ஜேபெக் போட்டோ, எம்பி4 வீடியோன்னா எவ்ளோ நேரம் ஓடவிட்டாலும் சைஸ் அப்படியேதான் நிக்கும், ஏன்னா அதெல்லாம் ஏற்கனவே சுருக்கின ஃபைல், உள்ள திரும்பத் திரும்ப வர்ற விஷயம்னு பெருசா எதுவும் மிச்சமே இருக்காது.

ஜிப்ல பொதுவா ஓடுறது டிஃப்ளேட்ங்கிற முறை. 1977ல ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஜிவ் ரெண்டு பேரும் சொன்ன ஐடியா அதுல ஒண்ணு, முன்னாடி வந்த அதே கோர்வை மறுபடி வந்தா திரும்ப எழுதாம, இத்தனை பைட் பின்னாடி போய் இத்தனை பைட் எடுத்துக்கோன்னு ஒரு குறிப்பு மட்டும் வெச்சுட்டுப் போயிடும். அதுக்கு மேல 1952ல டேவிட் ஹஃப்மன் குடுத்த முறை, அடிக்கடி வர்றதுக்கு குட்டி குறியீடு, எப்பவாச்சும் வர்றதுக்கு நீளமான குறியீடு. அவ்ளோதான், ஒரு பிட்கூட தொலையாது, பிரிச்சா பழையபடி அப்படியே வரும்.

தமிழ் டெக்ஸ்ட் வெச்சுப் பாத்தா இது இன்னும் நல்லா புரியும். யூடிஎஃப்-8ல (எழுத்தை பைட்டா சேவ் பண்ற முறை) 'தமிழ்'னு அடிச்சா த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு குறியீடு, ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், மொத்தம் 15 பைட். அந்த மூணுல முதல் பைட் எல்லா தமிழ் எழுத்துக்கும் ஒண்ணேதான், ரெண்டாவது பைட்டும் ரெண்டே மதிப்புல ஏதோ ஒண்ணு. இவ்ளோ ரிப்பீட் இருக்கறதால தமிழ் டெக்ஸ்ட் ஃபைல் ஜிப்ல ரொம்ப அழகா சுருங்கும், எனக்கு இதுல எப்பவுமே ஒரு சந்தோஷம்.

7-ஜிப் 1999ல இகோர் பாவ்லோவ் கொண்டு வந்தது. டிஃப்ளேட் 32 கேபி தூரம்தான் பின்னாடி திரும்பிப் பாக்கும், 7-ஜிப்ல ஓடுற எல்இசட்எம்ஏங்கிற முறை எம்பி கணக்குல பாக்கும். அதோட ஜிப் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியா சுருக்கும், 7-ஜிப் சாலிட் மோட்ல நிறைய ஃபைலை ஒண்ணா கோத்து ஒரே பிளாக்கா சுருக்குது, அதனால ஒரே மாதிரி சின்னச் சின்ன ஃபைல் நிறைய இருந்தா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனா ஒரே ஒரு ஃபைல் வேணும்னாலும் அந்த பிளாக்கோட ஆரம்பத்துலேர்ந்து பிரிச்சுட்டு வரணும், நடுவுல டிஸ்க் கெட்டுப்போச்சுன்னா அந்த பிளாக்ல அதுக்கப்புறம் இருக்கற ஃபைலும் போயிடலாம். அதனால தொடாம வெக்கிற பழைய விஷயத்துக்கு மட்டும்தான் 7-ஜிப், யாருக்காச்சும் அனுப்பணும்னா ஜிப், எந்த மெஷின்லயும் திறக்கும்.

டெய்லி பேக்கப்புக்கு இப்போ இசட்-ஸ்டாண்டர்ட்தான். யான் காலே எழுதினது, ஃபேஸ்புக் 2016ல ஓப்பன் சோர்ஸா வெளிய விட்டது. எவ்ளோ இறுக்கமா சுருக்கணும்ங்கிற லெவலை ஏத்தினா சுருக்க டைம் ஆகும், ஆனா பிரிக்கிற வேகம் கிட்டத்தட்ட மாறாது, பேக்கப்பை அவசரமா திருப்பி எடுக்கும்போது இதோட அருமை தெரியும்.

என்க்ரிப்ட் பண்றதா (பாஸ்வேர்ட் போட்டு யாரும் படிக்க முடியாதபடி மாத்துறதா) இருந்தா முதல்ல சுருக்கிட்டு அப்புறம் பண்ணுங்க, மாத்திப் பண்ணா டேட்டா தாறுமாறா தெரியும், சுருக்க ஒண்ணுமே கிடைக்காது. அப்புறம் ஒரிஜினலை அழிக்கிறதுக்கு முன்னாடி டெஸ்ட் ஆப்ஷனை ஒருதடவை ஓட்டிடுங்க, உள்ள இருக்கறதை எல்லாம் பிரிச்சுப் பாத்து ஏற்கனவே கணக்குப் போட்டு சேவ் பண்ணி வெச்ச சரிபார்ப்பு நம்பரோட (செக்சம்) ஒத்துப்போகுதான்னு அதுவே செக் பண்ணி சொல்லிடும்.