"குழல் போச்சு" என்பாரிடம் .22 ரைபிளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்

திருகோணமலைப் பக்கம் லைசன்ஸோடு .22 போல்ட் ரைபிள் (ஒவ்வொரு சூட்டுக்கும் போல்ட் என்ற இரும்புத் தண்டைக் கையால் பின்னே இழுத்து முன்னே தள்ளி மூடும் சிறுதோட்டாத் துவக்கு) வைத்துக் குறி பார்த்துச் சுடப் பழகுகிறவர்கள் அதிகம் பேர் இல்லை. அந்தச் சிலருக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருத்தக் கொடுத்த இடத்தில் காசு போனது ஒரு பக்கம். போகும்போது பத்திரமாக இருந்த துவக்கு ஆபத்தானதாகத் திரும்பி வந்தது, அதுதான் பெரிய விஷயம். கடையின் பெயரைக் கேட்காதீர்கள், எழுதப் போவதில்லை.

என்னுடையது விலை குறைந்த ரகம். பிளாஸ்டிக் கட்டை, ஐந்து தோட்டா பிடிக்கும் மகசீன், மேலே ஒரு சாதாரண ஸ்கோப். வாங்கிய புதிதில் 50 மீட்டரில் ஐந்து தோட்டாவும் 25 மில்லிமீட்டருக்குள் விழும். அந்தத் தூரத்துப் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வளையமே 10.4 மில்லிமீட்டர்தான் என்பதால் அதை வைத்துப் பதக்கம் வாங்க முடியாது. பழகப் போதும். பிறகு மெல்ல மெல்ல உள்ளங்கை அகலத்துக்குச் சிதறத் தொடங்கியது. சில தோட்டா முதல் அடியில் வெடிக்காது, அதையே திரும்ப அடித்தால் வெடிக்கும்.

திருத்துபவர் குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். "வீடு எங்க தம்பி?" என்று கேட்டார். உப்புவெளி என்றேன். "அப்ப சரி. உப்புக்காத்து குழலைத் திண்டுட்டுது" என்றார். எங்கள் ஊரில் எந்தப் பொருள் பழுதானாலும் கடல்மேல் பழி போடலாம், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். குழலை உள்ளே தேய்த்து மினுக்க வேண்டும், போல்ட் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், விசையையும் இலகுவாக்கித் தருகிறேன் என்றார். 38,000 ரூபா. பற்றுச்சீட்டில் "ரைபிள் திருத்தம்" என்று ஒரே வரி.

திரும்ப எடுத்துக்கொண்டு சுடுதிடலுக்குப் போனால் சிதறல் முன்பைவிட மோசம். அதைக்கூடப் பொறுக்கலாம். போல்ட்டை முன்னே தள்ளி மூடினேன், விசையில் விரலே இல்லை, துவக்கு வெடித்துவிட்டது. குழல் அட்டைப் பக்கம் நீட்டியபடி இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அதற்குமேல் ஒரு தோட்டாகூடப் போடவில்லை. அவரிடம் போய்ச் சொன்னபோது வந்த பதில்: "கை நடுங்கினா துவக்கு என்ன செய்யும் தம்பி? புது ஸ்கோப் ஒண்டு போட்டுப் பாப்பம்."

ஸ்கோப் வாங்காமல், ஒரு காலத்தில் போட்டிகளில் சுட்ட தம்பலகாமத்து மாமா ஒருவரிடம் கொண்டு போனேன். தோட்டா இல்லை என்று அறையையும் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) மகசீனையும் பார்த்து உறுதி செய்த பிறகு, போல்ட்டை மூடி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் லேசாகத் தட்டினார். உள்ளே 'டிக்' என்று, தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் அடிமுள் விழுந்தது. விசையை இழுக்கும்வரை அடிமுள்ளைப் பிடித்து வைக்கும் கொளுவியை அரம் போட்டுத் தேய்த்து, விசையின் ஸ்பிரிங்கையும் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு இரும்பும் ஒன்றையொன்று பிடிக்கும் விளிம்பு மழுங்கினால் சின்ன அதிர்வே போதும், நழுவிவிடும். "இது சரியாகும்வரைக்கும் இதுக்குள்ள தோட்டா போடக்கூடாது மருமகன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் சிதறல் பக்கம் வந்தார். கட்டையையும் இரும்புப் பாகத்தையும் பிணைக்கும் இரண்டு திருகாணிகளில் முன்னது விரலாலேயே சுழன்றது. ஒரு காகிதத் துண்டை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தார். பாதி வழியில் சிக்கியது. மலிவான பிளாஸ்டிக் கட்டை வெயிலில் வளையும், கையால் அழுத்திப் பிடித்தாலும் வளையும். குழலில் ஒரு பக்கம் முட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சூடும் ஒவ்வொரு திசை. ஸ்கோப்பின் அடித்தளமும் ஆடியது. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் திருகாணிகளுக்கு 15 முதல் 20 அங்குல இறாத்தல் முறுக்குப் போதும், அதற்குமேல் இறுக்கினால் ஸ்கோப்பின் உடலே நசுங்கும் என்றார். புது ஸ்கோப் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யலாம்: ஸ்கோப்பின் குறி திருத்தும் குமிழ்களை மேலே 20 கிளிக், வலப்பக்கம் 20, கீழே 20, இடப்பக்கம் 20 என்று திருப்பித் திருப்பிச் சுட்டு, கடைசிச் சூடு தொடங்கிய இடத்திலேயே விழுகிறதா என்று பார்ப்பது. விழுந்தால் ஸ்கோப்பில் பிழை இல்லை.

என் துவக்கில் தோட்டா இரண்டாம் அடியில் வெடித்ததற்கும் போல்ட் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தமே இல்லை. .22 தோட்டாவில் அடிபட்டதும் பற்றும் மருந்து பின்புறத்து நடுவில் கிடையாது, விளிம்பைச் சுற்றி இருக்கிறது. ஈயத்தில் பூசிய மெழுகும் கரியும் அறைக்குள் படிந்து வளையமாக இறுகினால் தோட்டா முழுதாக உள்ளே போய் உட்காராது. முதல் அடியின் வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், இரண்டாம் அடிதான் வெடிக்க வைக்கும். பித்தளைப் பிரஷால் அந்த இடத்தைச் சுத்தம் செய்தார். வேலை அவ்வளவுதான்.

உப்புக்காற்று? துணி விட்டு எடுத்தபோது வந்தது கறுப்புக் கரி, செந்துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. வெளிச்சம் பிடித்துப் பார்த்தால், தோட்டாவைச் சுழல வைக்கும் புரிவரிகள் கூர்மையாகவே தெரிகின்றன. குழல் கெட்ட இடம் ஒன்றே ஒன்று, வாய். மினுக்குகிறேன் என்று இரும்புக் கம்பியை முன்பக்கத்தால் விட்டு இழுத்ததில் விளிம்பில் ஒரு பக்கம் கீறல். தோட்டா குழலை விட்டு வெளியேறும் கடைசி இடம் அது. அங்கே ஒரு பக்கம் வாயு முந்திக் கசிந்தால் தோட்டாவைச் சரித்துவிடும். போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கத்தால்தான் கம்பி விட வேண்டும் என்பது துவக்குக்காரர் எல்லாருக்கும் தெரிந்த பாடம், திருத்தப் பலகை போட்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதாம்!

எனவே யாரிடம் கொடுத்தாலும் சுட்ட அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். திருகாணி, கட்டை, ஸ்கோப் அடித்தளம், அறை, இந்த நான்கையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்க்காமல் குழலுக்குப் போகிறவரிடம் துவக்கை விட்டுவிட்டு வராதீர்கள். விசையை இலகுவாக்கித் தருகிறேன் என்று நீங்கள் கேட்காமலே சொன்னால் மறுத்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகம் உங்களுடையது, வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வரியாகப் பற்றுச்சீட்டு எழுதச் சொல்லுங்கள். என்னுடைய ஒற்றை வரிச் சீட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியவில்லை.

குழல் வாயை லேத்தில் வெட்டிச் சரிசெய்யலாம் என்கிறார் மாமா. விசைத் தொகுதியை முழுதாக மாற்ற வேண்டும், முறையான அனுமதியுள்ள வேறு ஒருவர் வழியாகச் சொல்லி வைத்திருக்கிறேன். காசைத் திருப்பிக் கேட்டதற்கு அந்த மனிதர் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கழற்றிய ஸ்பிரிங்கையாவது தாருங்கள் என்றால், "தேடிப் பாக்கிறன் தம்பி" என்கிறார்.