இரண்டு அடி கடல்நீர்த் தொட்டிக்கு 14,600 ரூபாய்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன சனிக்கிழமை மதியம் கடல் மீன் பார்சல் வந்தது. இன்றைக்கு ஞாயிறு. எட்டே நாளில் 14,600 ரூபாய் தண்ணீரோடு போய்விட்டது, அதோடு நான் ஐந்து மாதமாக வளர்த்த மீனும் போய்விட்டது. மனசு ஆறவில்லை. ஆறிய பிறகு எழுதினால் பாதி மறந்துவிடும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். சின்னத் தொட்டியில் எதோடு எதைச் சேர்க்கலாம் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் மீன் படம் போட்டு, ஜிபேயில் பணம் வாங்கி, பஸ் பார்சலில் ஊர் ஊராக அனுப்புகிற சென்னை மெரைன் (கடல் அலங்கார மீன்) கடைகளில் ஒன்று, அவ்வளவு போதும்.

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கல்லும் மணலும் போக உள்ளே நிற்கிற தண்ணீர் 45 லிட்டர் இருந்தால் அதிகம். அவசரப்பட்டு ஆரம்பிக்கவில்லை. முதல் ஆறு வாரம் லைவ் ராக்கும் (நல்ல பாக்டீரியா வாழ்கிற கடல் கல்) உப்புத் தண்ணீரும் மட்டும்தான், மீனுக்கு விஷமான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் ஒரு ஜோடி கிளவுன் மீன் விட்டேன். ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்புக் கலக்குவேன், அடர்த்தி 1.025. நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும் என்று தொட்டிமேல் சின்ன ஃபேன் மாட்டி, ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாகத் தினமும் காலையில் நல்ல தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். கிளவுன் இரண்டும் என் மகள் விரலருகே வந்து சாப்பிடும். நத்தை நான்கு, ஒரு கொத்து மஷ்ரூம் கோரல் (பவளம்), அவ்வளவுதான் தொட்டி. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சீட்டுப் பணம் கைக்கு வந்தது. தொட்டியில் இன்னும் கொஞ்சம் உயிர் சேர்க்கலாம் என்று மகள் கேட்டாள், எனக்கும் ஆசைதான். அப்படித்தான் அந்தக் கடை நம்பருக்கு மெசேஜ் போட்டேன்.

அந்தக் கடைக்காரரை நான் ஏன் நம்பினேன் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அடுத்தவர் ஏமாறப்போவதும் அதே இடத்தில்தான். எடுத்த உடனே விலை சொல்லவில்லை அவர். "சிஸ்டர், டேங்க் எவ்ளோ பெருசு? எத்தனை மாசம் ஆச்சு? இப்ப உள்ள என்னென்ன இருக்கு?" என்று டாக்டர் மாதிரி வரிசையாகக் கேட்டார். அளவு சொன்னேன், வீடியோவும் அனுப்பினேன். மகள் லயன் மீன் கேட்கிறாள் என்றேன். "வேணாம் சிஸ்டர், அது வாய்க்கு அடங்குற மீனு, எறா எல்லாத்தையும் முழுங்கிடும், உங்க தொட்டிக்கு ஆகாது, நான் தரமாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். காசு வருகிறது என்று தெரிந்தும் வேண்டாம் என்கிறாரே, இவர் நல்லவர் என்று நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் எதிர்க்கேள்வி கேட்கவில்லை, வீட்டுக்காரர் "எதுக்கு ஒரே நாள்ல இவ்ளோ?" என்று கேட்டபோதுகூட அவருக்குத் தெரியும் என்று பதில் சொன்னேன்.

அவர் போட்டுக் கொடுத்த பட்டியல் இது: புளூ டேங் மீன் 3,200. மாண்டரின் மீன் 2,400. வெள்ளைக் கார்ப்பெட் அனிமோன் (பூப்போல் விரிகிற கடல் உயிர்) 3,500. கிளீனர் இறால் ஒரு ஜோடி 2,800. சிக்ஸ்லைன் ராஸ் மீன் 1,800. பேக்கிங், பார்சல் 900. ஆக 14,600 ரூபாய். "எல்லாம் ஒத்துப்போற ஐட்டம் சிஸ்டர், கண்ணை மூடிட்டு விடுங்க."

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் விடமாட்டேன். இந்தப் பட்டியலை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பணம் போட்டுவிட்டேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

இப்போது படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். புளூ டேங் கடையில் இரண்டு அங்குலம் இருக்கும், வளர்ந்தால் ஓரடி. நாள் முழுக்க நீந்துகிற மீன் அது, என் தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது, வெள்ளைப்புள்ளி நோயும் அதற்குத்தான் சீக்கிரம் வரும். மாண்டரின் கல்லில் ஊர்கிற கோபிபாட் என்ற பொடிப் பூச்சிகளைப் பொறுக்கித் தின்று வாழ்கிற மீன், நாம் போடுகிற தீனியைப் பெரும்பாலும் தொடாது, 45 லிட்டரில் அந்தப் பூச்சி சில நாளில் தீர்ந்துவிடும். சிக்ஸ்லைன் ராஸும் அதே பூச்சியைத்தான் தின்னும், போதாததற்குச் சாதுவான மீனைத் துரத்தவும் செய்யும். அதாவது ஒரே பிடி சோற்றுக்கு இரண்டு பேரை, அதில் ஒருவன் அடிதடிக்காரன், ஒரே அறையில் பூட்டி அனுப்பியிருக்கிறார்.

அனிமோன் விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. வெள்ளை அபூர்வம் என்று சொல்லித்தான் 3,500 வாங்கினார். அனிமோனின் சதைக்குள் நுண்பாசி வாழ்கிறது, வெளிச்சத்தில் அது செய்கிற உணவில்தான் பெரும்பாலும் அனிமோனின் உயிர் ஓடுகிறது. பழுப்போ பச்சையோ தெரிவது பெரும்பாலும் அந்தப் பாசியால். பாசி செத்தோ வெளியேறியோ போனால்தான் வெள்ளை. நோயாளியைக் காட்டி அழகு என்று அதிக விலை போட்டு விற்றிருக்கிறார். நல்ல கார்ப்பெட் அனிமோனாக இருந்தாலும் அது பெரிய, பழகிய தொட்டிக்கானது, சின்ன மீன் சிக்கினால் தின்றும்விடும்.

பார்சலைப் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கியபோது தெர்மாகோல் பெட்டியின் மூடி தொட்டால் சுட்டது. பையை மிதக்கவிட்டுப் பதினைந்து நிமிஷத்தில் கொட்டச் சொன்னார் கடைக்காரர். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டுத்தான் சேர்த்தேன். பெட்டி அடியில் ஒரு சின்ன பாட்டில், லேபிள் இல்லை, உள்ளே நீலத் தண்ணீர். ஃப்ரீ என்றார்.

செவ்வாய்க்கிழமை டேங் உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. மாண்டரின் வயிறு ஒட்டிக் கல்லுக்குப் பின்னால் கிடந்தது, ராஸ் அதை வெளியே வரவிடவில்லை. போன் செய்தேன். "அந்த நீல மருந்தை ஊத்துங்க, சரியாய்டும்." இறாலுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். "ஒண்ணும் ஆவாது சிஸ்டர், நாங்க எங்க டேங்க்லயே ஊத்துறோம்."

அது காப்பர். செம்பு கலந்த மருந்து மீனுக்குத்தான், அதுவும் தனித் தொட்டியில். இறால், நத்தை, கோரல், அனிமோன் எதுவும் அதைத் தாங்காது. புதன் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊற்றினேன். ஒன்பது மணிக்கு இறால் இரண்டும் மல்லாந்து கிடந்தன. ஒன்றின் வெள்ளை மீசை மட்டும் வேவ் மேக்கர் மோட்டார் ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது, உயிரோடுதான் இருக்கிறது என்று என் மகள் அடம்பிடித்தாள். வியாழன் நத்தைகள். வெள்ளிக்கிழமை ராத்திரி அனிமோன் கூழாகக் கரைந்து வீடெல்லாம் அழுகல் நாற்றம். பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, தண்ணி பாலாட்டம் கீது?" என்றது. அம்மோனியா டெஸ்ட் கரும்பச்சை காட்டியது, அதாவது விஷ அளவு. இருந்த உப்பையெல்லாம் கரைத்துப் பாதித் தண்ணீர் மாற்றியும் விடிவதற்குள் டேங், மாண்டரின், என் பெரிய கிளவுன் மூன்றும் போய்விட்டன. கிளவுனில் பெரியதுதான் பெண், ஐந்து மாதமாக என் கையில் சாப்பிட்டது அதுதான்.

கேட்டதற்கு வந்த பதில்களையும் எழுதிவிடுகிறேன். முதலில் "வீடியோ அனுப்புங்க சிஸ்டர்." அனுப்பினேன். அப்புறம் "வந்த ரெண்டு மணி நேரத்துல செத்தாத்தான் கேரண்டி." அப்புறம் "வேலூர் தண்ணி சரியில்ல." ஆர்.ஓ. தண்ணீர் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அப்புறம் வெயில். அப்புறம் "ஓனர்ட்ட பேசிட்டுச் சொல்றேன்", அதுவரை அவர்தான் ஓனர் என்றிருந்தார். நேற்று சிஸ்டர் போய் "மேடம்" ஆகிவிட்டேன். மருந்து நீங்கள்தானே ஊற்றச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, 14,600 ரூபாய் போனவளிடம், கடல்குதிரை ஜோடி வந்திருக்கிறது, உங்களுக்கு மட்டும் பாதி விலை என்று பதில் போட்டார். கடல்குதிரை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிர், கடல் அட்டையும் கல்பவளமும் அப்படித்தான். அதைச் சொன்னேன். இன்று காலை பிளாக் செய்துவிட்டார். பில் கேட்டபோது "லிஸ்ட்தான் பில்" என்றவர் அவர், அப்போதே விட்டிருக்க வேண்டும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். இரண்டடித் தொட்டிக்கு ஒரு ஜோடி கிளவுன், வேண்டுமானால் சின்ன கோபி மீன் ஒன்று, ஒரு கிளீனர் இறால், நாலைந்து நத்தை, போதும். கிளவுனுக்கு அனிமோன் கட்டாயம் இல்லை, அது இல்லாமலே நன்றாக வாழும். நம் தமிழ்நாட்டில் மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சி நிலையங்கள் கிளவுனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கின்றன, அதனால் கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு உயிர்தான். மீன் கடையிலேயே தீனி தின்கிற வீடியோ கேளுங்கள். லேபிள் இல்லாத மருந்தைத் தொடாதீர்கள். பில் இல்லாமல் பணம் போடாதீர்கள்.

இந்த வர்ணனை யாருக்காவது தெரிந்த கடைபோல் இருந்தால், உங்களிடமும் இப்படிப் பணம் போயிருந்தால் எனக்கு எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்திருக்கிறேன், நாளைக்கு 1915-க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) போன் செய்யப்போகிறேன், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். செம்பு கல்லிலும் மணலிலும் ஏறியிருக்கும், இனி இந்தத் தொட்டியில் எப்போது இறால் விடலாம் என்றுகூடச் சொல்ல முடியாது. ராஸ் ஒன்றும் சின்ன கிளவுன் ஒன்றும் மீதி. கிளவுன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு விடுகிறது. இன்னொரு பக்கெட் தண்ணீர் மாற்ற வேண்டும், போகிறேன்.