தனியே விட்டால் பதறும் நாய்: பயிற்சியா, டே-கேரா, கூண்டா, மாத்திரையா?

எதையும் முடிவு செய்வதற்கு முன், பழைய மொபைலை வீடியோ காலில் போட்டு, வாசலைப் பார்த்தபடி வைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். பிரிவுப் பதற்றம் உள்ள நாய் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் காட்டிக்கொடுத்துவிடும்: மூச்சிரைப்பு, எச்சில் வழிதல், கதவைப் பிறாண்டுதல், ஊளை. உயிராகத் தின்னும் பண்டத்தைக்கூட மோந்து பார்க்காது. அப்படித் தெரிந்தால் உடனே திரும்பிவிடுங்கள். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து செருப்பைக் கடிக்கிற நாய்க்குப் பெரும்பாலும் சலிப்புதான். நடையும் விளையாட்டும் கூடினால் சரியாகும். டெலிவரிக்காரர் மணியடிக்கும்போது மட்டும் குரைப்பது வேறு கதை.

நோயின் வேரைத் தொடுவது ஒன்றே ஒன்று: படிப்படியாகப் பழக்குவது. சாவி, ஹெல்மெட், ஷூ ஆகியவற்றைக் கண்டதுமே நாய் எழுந்து பின்னால் வந்தால் அங்கிருந்து தொடங்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டுச் சோபாவிலேயே உட்காருங்கள். அது கண்டுகொள்ளாத நிலை வந்த பிறகு கதவைத் திறந்து மூடுங்கள். அடுத்து 5 விநாடி வெளியே நின்றுவிட்டு வாருங்கள். பிறகு 10, 4, 20, 8 என்று நேரம் ஏறி இறங்கி வரட்டும். ஏறிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் கடினமாகிறது என்பதை நாய் புரிந்துகொள்ளும். ஒரு அமர்வு 20, 30 நிமிடம், வாரம் நாலைந்து நாள் போதும். உதட்டை நக்குதல், கொட்டாவி, கதவையே வெறித்தல் தெரிந்தால் அன்றைய எல்லை அதுதான். 40 நிமிடத்தை எட்டுவதுதான் நீண்ட பாடு, வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதைத் தாண்டினால் 10, 15 நிமிடமாகக் கூட்டலாம்.

இது தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். சனி, ஞாயிறில் 30 விநாடி பழக்கிவிட்டு, திங்கட்கிழமை ஒன்பது மணி நேரம் பூட்டிவிட்டு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போவது. ஒரு நாள் முழுப் பீதி பல நாள் பழக்கத்தை அழித்துவிடும். அதனால் மற்ற வழிகளைப் பயிற்சிக்குப் போட்டியாகப் பார்க்காதீர்கள். பயிற்சி நடக்கும் காலத்தில் நாயைப் பதறாமல் காப்பது எது என்பதே உண்மையான கேள்வி.

டே-கேர் மற்ற நாய்களோடு ஒத்துப்போகும் இளம் நாய்க்கு நல்லது. கூச்ச சுபாவமும் வயதும் உள்ள நாய்க்கு அது இன்னொரு தண்டனை. ரேபிஸ், டிஹெச்பிபி (டிஸ்டெம்பர், பார்வோ முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி), கென்னல் காஃப் (நாய்களிடையே தொற்றும் இருமல்) தடுப்பூசிகளும் உண்ணி மருந்தும் முடிந்த பிறகே சேருங்கள். உண்ணிக் காய்ச்சல் லேசான நோயல்ல. மதியம் ஓய்வெடுக்கத் தனி இடம் உண்டா, ஒரு ஆள் எத்தனை நாய்களைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். இடத்தை அலுவலகத்தருகே பார்க்காமல் வீட்டருகே பாருங்கள்: சில்க் போர்டு நெரிசலில் நாயோடு மாட்டினால் வருகிற களைப்பு அதன் மாலையையும் கெடுக்கும். மூடும் நேரத்துக்குள் யார் போய் அழைத்து வருவார்கள் என்பதையும் முன்பே தீர்மானியுங்கள்.

வீட்டிலேயே ஆள் உட்கார்வது இன்னும் மேல். அல்சூரிலோ விவேக்நகரிலோ நாயிடம் பிரியமுள்ள மாடி வீட்டுப் பாட்டி இருந்தால் அவரைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் அரை மணி நடத்திக் கூட்டிவரும் வாக்கரால் இது தீராது. மிச்ச எட்டு மணியும் தனிமைதான். சில நாய்களுக்கு ஒரே ஒருவர்தான் வேண்டும், வேறு யார் இருந்தாலும் பதறும். அதை முதல் அரை மணிக் காமிராவே சொல்லிவிடும்.

கம்பிக் கூண்டு? சோபா தப்பிக்கும், நாய் தப்பாது. பீதியில் கம்பியைக் கடித்துக் கோரைப்பல் உடைவதும் நகம் பிய்ந்து ரத்தம் வருவதும் நடக்கிறது. கதவு திறந்திருக்கும்போது தானாகப் போய்ப் படுக்கும் நாய்க்கு மட்டும், அதுவும் பூட்டாமல். பால்கனியில் விடுவது இதைவிட மோசம், குதித்துவிடும். துணைக்கு இரண்டாவது நாய் வாங்குவதும் பெரும்பாலும் பலிக்காது; அது ஏங்குவது மனிதருக்காக.

உள்ளே உணவு அடைக்கும் காங் ரப்பர் பொம்மையில் உப்பில்லாத தயிர்சாதம் உறைய வைத்துத் தருவது லேசான கேஸுக்கு உதவும். தீர்ந்த நொடியில் பீதி தொடங்கினால் அது வெறும் திசைதிருப்பல்தான். வெங்காயம், திராட்சை, சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பு கலந்த பீநட் பட்டர் கூடவே கூடாது.

மாத்திரையைக் கடைசி ஆயுதமாக வைப்பது தவறு. ஒரு நிமிடத்துக்குள் பீதியடையும் நாயால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. க்ளோமிப்ரமின் 1998-லும், ஃப்ளூவாக்சடின் 2007-லும் அமெரிக்காவில் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே, பயிற்சியோடு சேர்த்துத் தருவதற்காக, அனுமதி பெற்றவை. தினமும் தர வேண்டும். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், தொடக்கத்தில் பசி குறையலாம். திடீரென நிறுத்தக்கூடாது. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ட்ரசோடோன் குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் சில மணி நேரம் உதவும். அசிப்ரோமசின் என்ற தளர்த்தும் மருந்தை மட்டும் தந்தால் உடல் தளரும், பயம் அப்படியே இருக்கும். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வழக்கமான மருத்துவரிடமோ போகும்போது காமிராப் பதிவை எடுத்துச் செல்லுங்கள், வாய்வார்த்தையைவிட அது தெளிவாகப் பேசும்.

வாரம் இரண்டு, மூன்று நாள் அலுவலகம் என்றால் அந்த நாட்களுக்கு மட்டும் டே-கேர் அல்லது ஆள், மற்ற நாட்களில் பயிற்சி. தினமும் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள், பகலுக்கு ஆளும் வையுங்கள். தீபாவளி வாரத்திலும் கோடை இடி மழை நாட்களிலும் நேரத்தைக் கூட்டாமல், முந்தைய வாரத்து அளவுக்கு இறங்கிவிடுங்கள்.